அரைப்பேர்க் குழி

நாகலெட்சுமிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. மூன்று நாளாக மெஷினில் குனிந்த குனிப்பு இன்னும் நிமிரவில்லை. நானுஓயாவைத் தாண்டி நுவரெலியாவுக்கு ஏறும் வேனுக்குள் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வளைவுக்கும் இடுப்பிலிருந்து தொடை வரைக்கும் ஒரு கம்பி சுண்டி இழுத்தது. கொழுந்து பறித்த காலத்திலும் இடுப்பு வலித்ததுதான். ஆனால் அது நின்று வலித்த வலி. இது உட்கார்ந்து வலிக்கிற வலி. இரண்டையும் பார்த்தவளுக்கு உட்கார்ந்து வலிப்பது பரவாயில்லை என்றுதான் தோன்றும். அட்டையாவது கடிக்காது.

வேனை ஓட்டியவர் ஹஸ்ஸான்; அண்ணன் முறையில் அவளுக்கு ஹஸ்ஸான் நானா. தலவாக்கலை கடைவீதியில் தார்ப்பாய், குடை, மழைச்சட்டை, ரப்பர் செருப்பு எல்லாம் மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கிறவர். வானம் இருண்டால் முகம் மலர்கிற ஒரே மனிதர் என்று ஊரில் அவரைக் கேலி செய்வார்கள். அவர் பக்கத்தில் முன் இருக்கையில் பழனியாண்டி, நாகலெட்சுமியின் தாய்மாமன். லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் ஓய்வு பெற்றார், குரல் பெறவில்லை. விடியற்காலைப் பெரட்டில் நூறு பேரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்பிய தொண்டை அது. பக்கத்தில் இருப்பவரிடம் உப்புக் கேட்டாலும் எதிர் மலையில் நிற்பவள் திரும்பிப் பார்ப்பாள்.

"மொதலாளி, இந்தக் கோல்ஃபுல என்னாதான் செய்வாங்க?"

"பந்த அடிச்சி குழில போடுவாங்க அண்ணே."

"போட்டு?"

"எடுத்துக்கிட்டு அடுத்த குழிக்குப் போவாங்க."

"அங்க?"

"அங்கயும் அடிச்சிப் போடுவாங்க."

"சம்பளம் யாரு குடுக்கிறது?"

"சம்பளமா? அவங்கதான் காசு கட்டி ஆடுறாங்க."

பழனியாண்டி இருக்கையில் திரும்பி உட்கார்ந்தார். "நம்மள குழி வெட்டச் சொல்லி காசு குடுத்தாங்க. இவுங்க வெட்டி வச்ச குழிக்குக் காசு குடுக்கிறாங்க. நல்ல தொழிலுதான்."

ஹஸ்ஸான் சிரித்த சிரிப்பில் வேன் ஒரு தடவை ஆடியது. நாகலெட்சுமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "நானா, ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தலவாக்கலை பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் அவளுடைய தையல் கடை இருக்கிறது. ஐந்து பெண்கள் வேலை செய்கிறார்கள், ஐந்து பேரும் தோட்டத்து லய வீடுகளில் பிறந்தவர்கள். பாடசாலைச் சட்டைகளைத் தைத்து முடித்தபின் கடை படுத்துவிட்டது. இப்போது அவள் நம்பியிருப்பது படங்கு ஒன்றைத்தான். கொழுந்து பறிக்கும் பெண்கள், ஈரச் செடி தொடையை நனைக்காமலும் குச்சி கிழிக்காமலும் இருக்க இடுப்பில் சுற்றிக்கட்டும் முரட்டு உறை அது. முன்பெல்லாம் பழைய சாக்கையும் உரப் பையையும் கட்டினார்கள். நாகலெட்சுமி ரப்பர் பூசிய துணியில் பட்டி வைத்து, தொடைப் பக்கம் இரட்டையாக மடித்துத் தைக்கிறாள்.

ஆறு தோட்டங்களை வைத்திருக்கும் கொழும்புக் கம்பனி ஒன்று, ஜூன் மழைக்கு முன்னால் தன் பெண்களுக்கெல்லாம் படங்கு வாங்கப் போவதாகக் கேள்வி. அவள் மூன்று தடவை கொட்டேசன் அனுப்பினாள். பதில் இல்லை. அந்த ஓடர் வராவிட்டால் மே மாதம் மூன்று பேரைத் தோட்டத்துக்கே திரும்பிப் போகச் சொல்ல வேண்டும். அவள் அதை இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியும்.

வழி சொன்னவர் ஹஸ்ஸான்தான்.

"நான் செல்றத கேளுங்க தங்கச்சி. கொழும்புக் கந்தோர்ல போய் விழுந்த கடதாசிய யாரும் எடுத்துப் பாக்கிறல்ல. கொள்வனவு டிரெக்டர் வீரக்கொடி ஈக்கிறாரே, முந்தி தோட்டத்துல தொரையா இருந்தவரு, அவரு வருசா வருசம் ஏப்ரல் சீசன் முடிய நுவரெலியாவுக்கு ஆட வாறாரு. ஹோட்டல்காரன், பேங்க்காரன், டயர்க்காரன், தேயில புரோக்கர், எல்லாம் அங்கதான். புல்லு மேல நடந்துக்கிட்டுப் பேசுற பேச்சுத்தான் அடுத்த மாசம் ஓடரா வருது. ஒவ்வொரு குழிக்கும் ஒரு கம்பனி பேர்ப்பலகை வெச்சி, மேச போட்டு, பேரடிச்ச சாமான் குடுப்பாங்க. ஒரு குழிக்காரன் கடைசி நேரத்துல வரல்ல. அந்த இடத்த எனக்குத் தெரிஞ்சவரு கொறச்சித் தாரேங்கிறாரு."

"நம்ம என்ன நானா குடுக்கிறது?"

"துவாய். ஆடுறவங்க பையில தொங்கப் போட்டுக்கிற சின்னத் துவாய். நீங்க தைங்க. குடை நான் போடுறேன். ரெண்டுலயும் உங்கட கட பேரு."

அந்தத் துவாய்களைத் தைத்துத்தான் இடுப்பு போனது.

மைதானம் ஊருக்கு நடுவிலேயே விரிந்து கிடந்தது. இவ்வளவு பெரிய இடத்தில் ஒரு தேயிலைச் செடிகூட வைக்காமல் புல்லை வளர்த்து, அதையும் வெட்டி வைத்திருக்கிறார்களே என்று பழனியாண்டிக்கு ஆறவில்லை. இவர்களுக்குக் கொடுத்த குழி ஒரு சரிவுக்குக் கீழே இருந்தது. சற்றுத் தள்ளி ஒரு வங்கி கூடாரம் அடித்து, பலூன் கட்டி, சப்பாத்து போட்ட இரண்டு பிள்ளைகளைச் சிரிக்க வைத்து நிறுத்தியிருந்தது. இவர்களிடம் ஒரு மடக்கு மேசை, ஒரு ஃபிளாஸ்க் நிறைய இஞ்சித் தேநீர், துவாய்ப் பொதி, குடைப் பொதி, ஒரு பலகை. பலகையில் கடைப் பேர். அதற்குப் பக்கத்தில் மைதானத்தாரே நட்டு வைத்த இன்னொரு சிறு பலகையில் 3 என்று எழுதியிருந்தது.

ஹஸ்ஸான் பழனியாண்டியை மேசைக்குப் பின்னால் நிறுத்தினார்.

"அண்ணே, துவாய் எல்லாருக்கும். குடை முக்கியமானவங்களுக்கு மட்டும். வெளங்கிச்சா?"

"யாரு முக்கியமானவுங்க?"

ஹஸ்ஸானுக்கு அவசரம். வீரக்கொடியை ஆட்டம் தொடங்குமுன் பிடிக்க வேண்டும். "அது பாத்தா தெரியும் அண்ணே. ஒழுங்கா ஆடுறவங்கன்னு வெச்சிக்கோங்களேன்" என்று சொல்லிக்கொண்டே நாகலெட்சுமியைக் கூட்டிக்கொண்டு கிளப் கட்டடத்துக்குப் போய்விட்டார்.

வீரக்கொடியைப் பிடிக்க முடியவில்லை. அவர் ஏற்கெனவே ஆடப் போயிருந்தார். அதற்காக ஹஸ்ஸான் சும்மா இருக்கவில்லை. வராந்தாவில் நின்றவர்களிடமெல்லாம் நாகலெட்சுமியைக் கொண்டுபோய் நிறுத்தினார். அவள் கார்டு கொடுத்தாள். அவர்கள் பேரைப் பார்த்தார்கள், அவள் சேலையைப் பார்த்தார்கள், "வெரி நைஸ்" என்று சொல்லிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள். தேயிலைத் தோட்டத்தில் பதினாறு வயதிலிருந்து நின்றவளுக்கு, ஒரு மனிதன் தன்னைப் பார்க்கிறானா தனக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்க்கிறானா என்று தெரியாமல் போகாது. இரவல் வாங்கிப் போட்டிருந்த சப்பாத்து குதிகாலைத் தின்றது. இடுப்பு தன் பங்குக்குச் சுண்டியது.

"நானா, என்னால இதுக்கு மேல நைஸ் கேக்க ஏலாது."

"ரைட். குழிக்குப் போவம். வீரக்கொடி அந்தப் பக்கம் வரத்தானே வேணும்."

மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. சரிவின் மேல் ஏறி நின்று கீழே பார்த்தபோது ஹஸ்ஸான்தான் முதலில் நின்றார்.

"தங்கச்சி, உங்கட மாமா என்ன செய்றாரு?"

மேசைக்கு முன்னால் நான்கு பேர் வரிசையாக நின்றார்கள். விலை கூடிய தொப்பி, விலை கூடிய கையுறை. பழனியாண்டி இடுப்பில் கை வைத்து, காலை அகட்டி, பெரட்டுக் களத்தில் நிற்கிற மாதிரியே நின்றார். குரல் சரிவு ஏறி வந்தது.

"பேரு சொல்லுங்கம்மா!"

"டில்ருக்ஷி" என்றாள் வரிசையில் முதலாவதாக நின்ற பெண். ஊரில் பெரிய ஹோட்டல் ஒன்றின் சொந்தக்காரி அவள்.

"டில்ருக்ஷி அம்மா! மூணு! முழுப்பேரு!" குடை ஒன்று கைமாறியது. அவள் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி அதை உடனே விரித்துப் பார்த்தாள்.

அடுத்த ஆள், வங்கி மேலாளர். "நாலு! அரைப்பேரு!" துவாய்.

நாகலெட்சுமி ஓடத் தொடங்கினாள். அவளுக்கு விளங்கிவிட்டது. தோட்டத்தில் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று வைத்திருப்பார்கள். அது நிறைந்தால் முழுப்பேர், முழு நாள் சம்பளம். ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர், பாதிச் சம்பளம். மாமா அந்தப் பலகையில் இருந்த மூன்றை யாரிடமோ விசாரித்திருக்கிறார். மூன்று அடியில் குழியில் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான், அவர் நிறுவையைத் தொடங்கிவிட்டார்.

அவள் கீழே போய்ச் சேருவதற்குள் நான்காவது ஆளின் முறை வந்துவிட்டது. உயரமான ஆள், நரைத்த மீசை. படத்தில் பார்த்த முகம்.

"பேரு?"

"வீரக்கொடி."

"வீரக்கொடி அய்யா! அஞ்சு! அரைப்பேரு!"

நீட்டிய கையில் துவாய் விழுந்தது.

பிறகு வங்கி மேலாளர் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். அவருடைய தோள் குலுங்கியது.

"அரைப்பேரா?" வீரக்கொடி தமிழில் கேட்டார். தோட்டத்தில் துரையாக இருந்தவர் எவருக்கும் தெரிந்த சொல் அது. "எனக்கா?"

"பலகையில மூணுதான் போட்டிருக்கு அய்யா. நீங்க அஞ்சு அடிச்சீங்க."

"கடைசி ரெண்டு அடி கணக்கில்லை கங்காணி. பந்து குழிக்குக் கிட்ட. அதை எண்ண மாட்டாங்க."

"கிட்ட வந்தா போதும்னா நானும் எத்தனையோ பேருக்கு முழுப்பேரு போட்டிருப்பேன் அய்யா."

அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. நுவரெலியா மழை முன்னறிவிப்பு கொடுப்பதில்லை. டில்ருக்ஷி குடைக்குள் நின்றாள். வீரக்கொடியின் மீசையில் தண்ணீர் வழிந்தது. நாகலெட்சுமி ஒரு குடையைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினாள்.

"சேர், மாமாவுக்குத் தெரியாதுங்க சேர். இதப் புடிங்க சேர்."

அவர் குடையைப் பார்த்தார். பழனியாண்டியைப் பார்த்தார். "வேணாம். கங்காணி போட்டா போட்டதுதான்" என்றார். முகத்தில் சிரிப்பு இருந்த மாதிரித் தெரியவில்லை. துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் அடுத்த குழிக்கு நடந்து போனார்.

ஹஸ்ஸான் குடைப் பொதியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, நான் என்ன செல்லிட்டுப் போனேன்?"

"முக்கியமானவுங்களுக்குக் குடைன்னீங்க. யாருன்னு கேட்டேன். ஒழுங்கா ஆடுறவுங்கன்னீங்க."

"அது ஒரு பேச்சுக்குச் சென்னது!"

"நான் பேச்சுக்கு வேல செஞ்சதில்லயே மொதலாளி."

"மாமா," நாகலெட்சுமி குடையை மேசை மேல் போட்டாள். "அவருதான் மாமா அந்தப் படங்கு ஓடர் குடுக்கிறவரு."

பழனியாண்டியின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. "மூஞ்சியப் பாத்தா எனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"மூஞ்சியப் பாத்துக் குடுக்கத்தான் மாமா இந்த மேசயே!"

"அப்ப என்ன ஏன் கூட்டியாந்த? ஒரு கண்டாக்கையால்ல கூட்டியாந்திருக்கணும்."

கொழுந்து நிறுக்கும்போது ஆளுக்குத் தகுந்த மாதிரி நிறுவை போட்ட கண்டாக்கு உத்தியோகத்தர்களை மூவருக்குமே தெரியும். ஹஸ்ஸான் சிரிக்கக் கூடாதென்று பல்லைக் கடித்தார். முடியவில்லை. நாகலெட்சுமிக்கும் வயிறு குலுங்கியது. இடுப்புப் பிடிப்பில் அது அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

புல் சதசதவென்று ஆகிவிட்டது. சேலை முழங்கால் வரை நனைந்தது. வீரக்கொடியிடம் காட்டுவதற்காகக் கொண்டுவந்த மாதிரிப் படங்கைப் பையிலிருந்து உருவி இடுப்பில் சுற்றி இறுக்கிக் கட்டினாள். இனி யாருக்குக் காட்ட? சப்பாத்தையும் கழற்றி மேசைக்கடியில் எறிந்தாள். பட்டி இறுக இறுக இடுப்பு வலிகூடக் கொஞ்சம் அடங்கியது.

அடுத்த நால்வர் சரிவில் இறங்கும்போதே ஒருவர் சத்தம் போட்டுக் கேட்டார்: "அரைப்பேரு போடுற குழி இதானே?"

செய்தி அவர்களுக்கு முன்னால் ஓடியிருந்தது. வீரக்கொடிக்கு அரைப்பேர் விழுந்த கதை பந்தைவிட வேகமாகக் குழிக்குக் குழி போய்க்கொண்டிருந்தது. வந்தவர்கள் தாங்களாகவே வரிசையில் நின்றார்கள். ஒரு தேயிலை புரோக்கர் நான்கு அடித்துவிட்டு, பையிலிருந்து வெளிநாட்டுச் சாக்லெட் கட்டி ஒன்றை எடுத்து மேசைக்கு மேலாக நகர்த்தினார்.

"கங்காணி, நாலை மூணாக்க ஏலாதா?"

பழனியாண்டி முதல் தடவையாகத் தடுமாறினார். மருமகளைத் திரும்பிப் பார்த்தார். "என்னா புள்ள செய்ய? மூஞ்சியப் பாக்கவா?"

அவள் பதில் சொல்லுமுன் ஹஸ்ஸான் எழுந்தார். அவர் அதற்குள் வங்கிக் கூடாரத்தைப் பார்த்துவிட்டிருந்தார். அங்கே பலூன் நனைந்து தொங்கியது. ஆடுகிறவர்கள் ஒரு பேனாவை வாங்கிச் சட்டைப்பையில் செருகிவிட்டு நிற்காமல் போனார்கள். இங்கே ஒருத்தரும் போகிற மாதிரி இல்லை.

"வேணாம் அண்ணே! நீங்க ஒழுங்காவே போடுங்க. ஒரு அடி கூட விடாதீங்க!"

"நாலு! அரைப்பேரு!" என்று பழனியாண்டி மைதானம் முழுக்கக் கேட்கப் போட்டார். சாக்லெட்டைத் திருப்பித் தள்ளினார். புரோக்கர் துவாயைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, தேநீர் கேட்டு வாங்கிக் குடித்து, அடுத்து வருகிறவனுக்கும் அரைப்பேர் விழுவதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று நின்றுவிட்டார். அவர் மாதிரி இன்னும் ஆறேழு பேர். நிற்கிறவர்கள் சும்மா நிற்பார்களா? பேசினார்கள். யார் எங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். நாகலெட்சுமியிடம் "இது என்ன கட்டியிருக்கீங்க?" என்று கேட்டார்கள். அவள் படங்கின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே சேலை காய்ந்திருந்தது. கார்டைக் கேட்டு வாங்கினார்கள். காலையில் சட்டைப்பையில் போட்ட ஒருவரே மறுபடி வாங்கினார். டில்ருக்ஷியும் ஆட்டத்தை முடித்துவிட்டுத் திரும்பி வந்து, ஹோட்டல் தோட்டக்காரர்களுக்கு இருபது வேண்டும் என்றாள்.

குடைகள் மட்டும் குறையவேயில்லை. பெரிய மனிதர்களில் மூன்றடியில் வேலையை முடிக்கிறவர்கள் அதிகமில்லை.

இத்தனை கலகலப்பிலும் நாகலெட்சுமியின் கண் சரிவையே பார்த்தது. இருபது படங்குக்கு ஐந்து பேர் தேவையில்லை. இரண்டு நாள் வேலை அது. ஆறு தோட்டம் மழையில் நனைந்துகொண்டு போய்விட்டது.

மழை விட்டு வெளிச்சம் மங்கும் நேரம் வீரக்கொடி வந்தார். தனியாக வரவில்லை; ஆடி முடித்தவர்களில் பாதிப் பேர் பின்னால் வந்தார்கள். கழுத்தில் அந்தத் துவாய். கையில் மட்டை, பந்து.

"கங்காணி! இன்னொரு தடவை."

பழனியாண்டி கையால் குழியைக் காட்டினார்.

சரிவின் மேலிருந்து அடித்த முதல் அடி நன்றாக வந்தது. பந்து கொடி நட்ட வழவழப்பான புல்லில் விழுந்து நின்றது. கூட்டம் கைதட்டியது. இரண்டாவது அடியில் உருண்டு குழிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. வீரக்கொடி முழங்காலை மடித்துப் புல்லைப் பார்த்தார், எழுந்தார், தட்டினார். பந்து குழியின் விளிம்பில் பாதிச் சுற்று சுற்றிவிட்டு, மனம் மாறி வெளியே நின்றது. அவர் அதைப் புறங்காலால் தள்ளாமல், மட்டையால் முறையாகத் தட்டி உள்ளே போட்டார்.

"எத்தனை?" என்று கேட்டார்.

பழனியாண்டி நாகலெட்சுமியைப் பார்த்தார். அவருக்கு இப்போது தெரியும் இவர் யார் என்று. ஹஸ்ஸான் பின்னாலிருந்து, உதட்டை அசைக்காமல், "மூணுன்னு செல்லுங்க தங்கச்சி, மூணு" என்றார். ஒரு குடைதானே. குடைகள் அங்கே குவிந்து கிடந்தன.

நாகலெட்சுமி கூட்டத்தைப் பார்த்தாள். துவாயோடு நின்ற வங்கி மேலாளர், சாக்லெட் புரோக்கர், மற்றவர்கள். எல்லாரும் எண்ணிக்கொண்டுதான் நின்றார்கள். காய்ச்சலோடு போய் ஒரு கிலோ குறைந்து அரைப்பேர் வாங்கி வந்த நாட்களும் அவளுக்கு ஞாபகம் வந்தன. அன்று அவள் முகத்தைப் பார்த்து யாரும் எண்ணிக்கையை மாற்றவில்லை.

"நாலுங்க சேர்," என்றாள். "நாலு அடிச்சா அரைப்பேருதான்."

ஹஸ்ஸான் கண்ணை மூடிக்கொண்டார்.

வீரக்கொடி மட்டையை ஊன்றிக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். பார்வை அவள் இடுப்பில் நின்றது. "திரும்பு" என்றார். அவள் திரும்பவில்லை. படங்கை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தாள். அவர் தையலைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார், பட்டியைப் பிடித்து இழுத்தார், தொடைப் பக்கத்து மடிப்பை விரித்துப் பார்த்தார்.

"இது யார் தைச்சது?"

"என் கடையில தைக்கிறதுதானுங்க. மூணு கொட்டேசன் அனுப்பினேன்."

"தலவாக்கலை? அந்தக் கடுதாசி நீதானா?"

"நாந்தான்."

"விலை கூட போட்டிருந்தே. நூத்துக்குப் பத்து வீதம் குறை."

நாற்பது வயதுக்காரியை அவர் நீ என்றுதான் கூப்பிட்டார். அந்தத் தமிழ் அவர் பெரட்டுக் களத்தில் படித்த தமிழ். நாகலெட்சுமி அதைக் கவனித்தாள். முடியாது என்று சொல்வதற்கு அது கொஞ்சம் உதவி செய்தது.

"குறைக்க முடியாதுங்க சேர். குறைச்சா அந்த இரட்டை மடிப்பத்தான் எடுக்கணும். எடுத்தா ரெண்டாவது மாசமே கிழியும்."

வீரக்கொடி பழனியாண்டியின் பக்கம் திரும்பினார். "கங்காணி, நான் எத்தனை பேருக்கு அரைப்பேரு போட்டிருக்கேன் தெரியுமா?"

"அய்யா எந்தத் தோட்டத்துல இருந்தீங்கன்னு சொன்னா நான் கணக்கு சொல்லுவேன்."

அங்கேதான் மீசைக்குக் கீழே முதல் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். சுற்றி நின்றவர்கள் அவருக்காகவே காத்திருந்த மாதிரிச் சிரித்தார்கள்.

"ஹரி," என்று நாகலெட்சுமியிடம் சிங்களத்தில் சரி சொன்னார். "உன் குழியில எனக்கு ரெண்டு தடவை அரைப்பேரு விழுந்துச்சி. நான் உனக்கு முழுப்பேரு போடுவனா? ஆறு தோட்டத்துல பாதி. மூணு தோட்டம். ஜூன் மழைக்கு முன்னால வரணும். மழை முடியிற வரைக்கும் கிழியாம நின்னா மத்த மூணும் உனக்கு."

"நீங்க சொன்ன விலைக்கா, நான் போட்ட விலைக்கா?"

"நீ போட்ட விலைக்குத்தான்."

"சரியான நிறுவ அய்யா" என்றார் பழனியாண்டி.

திரும்பி வரும் வழியில் ஹஸ்ஸான் தலவாக்கலை வரைக்கும் வாய் ஓயாமல் பேசினார். அடுத்த வருசம் இரண்டு குழி எடுப்போம் என்றார். எல்லாக் கம்பனிக்காரனும் சாமானைக் கையில் திணிக்கிறான், வாங்கினவன் காரில் போட்டு மறந்துவிடுகிறான், கேட்டும் கிடைக்காத குடையைத்தான் ஒருத்தன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவான் என்று, தானே கண்டுபிடித்த மாதிரிச் சொன்னார். பழனியாண்டி தூங்கிப்போயிருந்தார். தூக்கத்திலும் சத்தம்தான்.

ஓடர் செவ்வாய்க்கிழமை மின்னஞ்சலில் வந்தது. வாசித்துக் காட்டியபோது கடையில் யாரும் கைதட்டவில்லை. மூன்று பேர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து மெஷினில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி மட்டும், "அக்கா, என் தங்கச்சிக்கும் தைக்கத் தெரியும்" என்றாள். நாகலெட்சுமி அவளையும் வரச் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் நாகலெட்சுமி துணி அலுமாரியைத் திறந்தாள். மூன்று தோட்டத்துக்கு வேண்டிய துணி அங்கே இல்லை. ஒரு தோட்டத்துக்குக்கூட இல்லை. கம்பனி சாமானை வாங்கிக்கொண்டுதான் காசு தரும், அதுவும் உடனே தராது. கொழும்புத் துணிக்கடைக்காரன் காசைக் கண்டால்தான் ரோலைத் தொடவிடுவான். மழைக்கு முன்னால் என்று சொன்னாரே தவிர, எதில் தைப்பாய் என்று வீரக்கொடி கேட்கவில்லை. அது அவர் வேலையும் இல்லை.

அவள் படியிறங்கி ஹஸ்ஸான் கடைக்குப் போனாள். அவர் ஒருவருக்குத் தார்ப்பாய் அளந்துகொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அளவுகோலைக் கீழே வைத்தார்.

"துணியா?"

"துணிதான் நானா."

அவர் பின்பக்க ஸ்டோரைத் திறந்தார். மழைச்சட்டை தைக்கிறவர்களுக்கு விற்க வைத்திருந்த ரப்பர் துணி நான்கு ரோல் இருந்தது. நான்கையும் உருட்டி வெளியே எடுத்தார். கடைக்கு முன்னால் நின்ற முச்சக்கரவண்டிக்காரனைக் கூப்பிட்டு ஏற்றச் சொன்னார்.

"காசு எப்ப தரட்டும் நானா?"

"காசா தர வேணாம். காசா வந்தா பொஞ்சாதி அஸ்மியா கைக்குப் போயிரும், நான் காணவும் மாட்டேன். ரோலாவே திருப்பித் தாங்க. இதே தடிப்பு, இதே கலர். கொழும்பிலருந்து வரவழைச்சித் தாங்க."

"மழைக்குள்ள உங்களுக்கு இது வித்திருக்குமே."

"வித்திருக்கும்தான்" என்றார் ஹஸ்ஸான். பொய் சொல்லவில்லை. "சும்மா நிக்காம போய் வெட்டுங்க தங்கச்சி."

முதல் ரோலை அன்று மாலையே பிரித்து வெட்டினார்கள். மே கடைசியில் மூன்று தோட்டத்துக்கும் படங்கு ஏறிப் போனது. இப்போது ஜூன் மழை பெய்துகொண்டிருக்கிறது, படங்கு கிழிந்ததாக இதுவரை சேதி இல்லை. கம்பனியிடமிருந்து காசும் இன்னும் வரவில்லை.

ஹஸ்ஸானுக்கு நான்கு ரோல் ரப்பர் துணி கடன்.